கோரையை வளர்த்த கொளஞ்சி

அரியலூர், பெரம்பலூர் பக்கம் யார் வீட்டுத் தோட்டத்திலாவது சின்னதாக ஒரு குளம் இருந்து, குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதில் வந்து விழுந்து, கோரைக்கும் சம்புப் புல்லுக்கும் நடுவே ஊறித் தெளிந்து ரோஜாச் செடிக்குப் போய்க்கொண்டிருந்தால், நட்டது யார் என்று விசாரிக்கவே வேண்டாம். கொளஞ்சி நட்டதுதான். இந்த இரண்டாயிரத்து ஏழு வரைக்கும் சுமார் நாற்பது குளம் ஆகிவிட்டது. மாவட்டத்தைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், இப்போது மறுபடியும் பிரித்திருக்கிறார்கள். அவளுடைய குளங்கள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகக் கிடக்கின்றன. ஈரச் சாக்கோடு அவள் ஏறினால், "கோரைக்காரம்மாவுக்குப் பின்னாடி எடம் விடுங்க" என்று டவுன் பஸ் கண்டக்டரே குரல் கொடுக்கிறார்.

இதே பேரைப் பத்து வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். அப்போது அவள் கோரையை வளர்க்கிறவள் அல்ல, ஒழிக்கிறவள்.

வானம் பார்த்த கொல்லை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கோரை என்றால் என்னவென்று சொல்வார்கள். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருக்கும். அந்தக் கிழங்கைத் தோண்டினால் அதற்கும் கீழே நூல் பிடித்தாற்போல் இன்னொன்று இருக்கும். கடலைக் கொல்லையில் புகுந்துவிட்டால் கடலைக்குப் போட்ட எருவெல்லாம் அதற்குத்தான். கோரை விடாக்கண்டன் என்றால் கொளஞ்சி கொடாக்கண்டன். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் கடைசிக் கிழங்கு வரைக்கும் பொறுக்கி, பாறையில் பரப்பி, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, அதற்கும் மேல் நம்பிக்கை இல்லாமல் கொளுத்திச் சாம்பலாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். கொளஞ்சி களையெடுத்த கொல்லையில் மூன்று வருடத்துக்குக் கோரை தலைகாட்டாது என்று வி.கைகாட்டி சாலையில் இருக்கிற ஊர்களில் பேச்சு. நடவுக்கு ஆள் கிடைக்கும், அறுப்புக்கு ஆள் கிடைக்கும், கொளஞ்சி கிடைக்கமாட்டாள். முதல் நாளே வந்து சொல்லி வைக்க வேண்டும்.

ஆனால் களை வேலை வருடம் முழுக்க இருக்குமா? மழை பெய்தால்தானே களை. மழைக்காலம் முடிந்தால் அவளுக்கும் வேலை இல்லை, அவள் புருஷன் செல்லப்பனுக்கும் வேலை இல்லை. அதனால் கார்த்திகை பிறந்ததும் செல்லப்பன் கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு லாரி ஏறிவிடுவான். எந்த ஊர் ஆலைக்கு எந்த ஊர்க் கரும்போ, அங்கங்கே கொட்டகை போட்டுத் தங்கி, சித்திரையில்தான் திரும்புவான். முன்பு கொளஞ்சியும் கட்டுக் கட்டக் கூடவே போனாள். மகள் பூவிழியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு அவள் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டாள்.

தொண்ணூற்றேழு சித்திரையில் செல்லப்பன் திரும்பி வந்தபோது ஒன்று நடந்தது. கறுத்து, இளைத்து, கரும்புத் தோகை அறுத்த கையோடு வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து ஏழு வயதுப் பூவிழி உள்ளே ஓடி நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவன் சிரித்தான். கூப்பிட்டும் பார்த்தான். அவள் வரவில்லை. "யாரும்மா அது" என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள். செல்லப்பன் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டான். இன்னொரு கார்த்திகைக்கு இந்த ஆளை லாரியில் ஏற்றிவிடக் கூடாது என்று கொளஞ்சி அன்றைக்கே முடிவு கட்டினாள். அதற்கு ஒரே வழி, அவளுக்குப் பன்னிரண்டு மாத வேலை ஒன்று கிடைக்க வேண்டும். அது இருந்தால் செல்லப்பன் உள்ளூரில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு வீட்டோடு இருந்துவிடலாம்.

அப்படி ஒரு வேலை சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தது. அரியலூரைத் தாண்டி மேற்கே போனால் ஆலை. அதன் விருந்தினர் மாளிகையைச் சுற்றி இரண்டு ஏக்கரில் தோட்டம். தோட்ட மேஸ்திரி வைத்திலிங்கம் அவளைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். கார்த்திகைக்குள் நான்கு பேரை வருடம் முழுவதுக்குமான பட்டியலில் எழுதப் போகிறார்கள், வேலை சுத்தமாக இருந்தால் உன் பேரும் வரும் என்றார். வேலை சுத்தம்தானே? அதைக் கொளஞ்சியிடம் சொல்லவா வேண்டும்.

சேர்ந்து ஒரு வாரம் இருக்கும். வைத்திலிங்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு ஆண்டிமடம் கிளம்பினார். போகும்போது, மாளிகைக்குப் பின்னாலிருக்கிற குளத்தங்கரையைச் சுத்தமாக்கி வை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கொளஞ்சி போய்ப் பார்த்தாள். சிமெண்ட் பூசிய சின்னக் குளம். ஒரு பக்கம் குழாய் வழியே குளியலறைத் தண்ணீர் வந்து விழுகிறது. தண்ணீர் முழுக்க இடுப்புயரத்துக்குக் கோரை! நடுநடுவே பட்டை இலையோடு சம்பு வேறு. அவளுக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை ஆள் வேலை பார்க்கிற இடத்தில், குளம் முழுக்கக் களை மண்டுகிற வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்களே, இவர்களெல்லாம் சோறுதான் தின்கிறார்களா என்று வாய்விட்டே திட்டினாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு நாள் வேலை. அடியில் கொட்டியிருந்த ஜல்லியைக் கூடைகூடையாக அள்ளி, அலசி, ஒட்டியிருந்த கிழங்கையும் சல்லிவேரையும் பொறுக்கினாள். கத்திரி வெயிலில் மொட்டைத் தளத்தில் காயவைத்தாள். மூன்றாம் நாள் கொளுத்தினாள். சாம்பலை வீணாக்குவானேன் என்று ரோஜாவுக்குப் போட்டாள். ஜல்லியைப் பழையபடி பரப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது குளம் கழுவி வைத்த அண்டா மாதிரி இருந்தது. அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அரவிந்தன் வந்தார். ஆலையில் தண்ணீர், புகை, தூசி இதையெல்லாம் கவனிக்கிற எஞ்சினியர். கோயம்புத்தூர்க்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். குளத்தைப் பார்த்தவர் பேயறைந்தவர் போல நின்றுவிட்டார். அந்தக் கோரை தானாக முளைத்தது அல்ல. அழுக்குத் தண்ணீரை வேரால் சலித்துத் தோட்டத்துக்குக் கொடுக்கும் என்று, அவர் எங்கெங்கோ அலைந்து வேன் வைத்துக் கொண்டுவந்து, எட்டு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்தது. ஆடிக் கடைசியில் மெட்ராசிலிருந்து பெரிய அதிகாரிகள் அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள்.

வைத்திலிங்கம் குதித்த குதி இருக்கிறதே, காதுகுத்துச் சோறு செரித்திருக்கும். நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று கத்தினார். கார்த்திகை, லாரி, பூவிழி எல்லாம் சேர்ந்து கொளஞ்சியின் கண் முன்னால் வந்தன. கோரையைப் பிடுங்கியதற்காக ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அரவிந்தன் மட்டும் குளத்துக்குள் இறங்கி, ஜல்லியைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏனுங்க, அவ்வளவையும் ஒரே ஆளாவா எடுத்தீங்க? ஒரு கெழங்குகூட மிச்சம் இல்லைங்களா?" என்று கேட்டார்.

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஒரு கெழங்கு இருக்குதுன்னு காட்டுங்க சார், நான் பேரை மாத்திக்கிறேன்."

வைத்திலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். அரவிந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு அடியோடு ஒழிக்கத் தெரிந்தவருக்குக் கோரையின் சூட்சுமம் தெரியாமல் இருக்காது, பிடுங்கியவரே நட்டுக் கொடுக்கட்டும் என்றார். ஆடி முடிவதற்குள் குளம் பச்சையாக வேண்டும். ஆகிவிட்டால் பட்டியலுக்கு அவளுடைய பேரைத் தானே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். ஆகாவிட்டால் மேஸ்திரி சொன்னபடிதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது செல்லப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் வினை தன்னைச் சுடும் என்றான். கொளஞ்சி முறைத்த முறைப்பில் சிரிப்பை நிறுத்தி, சரி வா, தேடலாம் என்றான். எங்கே தேடுவது? கொல்லைக் கோரை அரை முழத்துக்கு மேல் வளராது, அது குளத்துக்கு ஆகாது. ஏரிக் கோரை வேண்டும் என்றால் வைகாசி மாதத்தில் ஏரியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கடைசியில் தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்துத் திருமானூரில் இறங்கி, கொள்ளிடக்கரையோரமாக நடந்தார்கள். ஒரு வடிகால் வாய்க்கால் முழுக்க ஆளுயரக் கோரையும் சம்பும் நின்றன. பக்கத்து வயல்காரர் அய்யம்பெருமாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஐயா, இந்தக் கோரையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டு கேட்டபோது, மனுஷன் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். வெயில் ரொம்ப ஏறிவிட்டதோ என்று சந்தேகம். பிறகு தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி, மூன்று சாக்கு நிறைகிற வரைக்கும் அவரே மண்வெட்டி பிடித்து, மோரும் வாங்கிக் கொடுத்தார். நாளைக்கும் வருவீர்களா என்று ஆசையாகக் கேட்டார்.

இரண்டு சாக்கு ஆலைக்குப் போனது. மூன்றாவது சாக்கை, பஸ்ஸில் இனி ஏற்ற முடியாது என்று வீட்டுக் கொல்லையில், பாத்திரம் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

குளத்தில் அவள் நட்ட அழகைச் சொல்ல வேண்டும். கோரையின் மேல் அவளுக்கு இதுவரை இல்லாத பாசம் பொங்கிவிட்டது. நாற்று நுனியைக் கிள்ளி நடுவது போலத் தாளை ஒட்டக் கத்தரித்தாள். வெயில் படக் கூடாது என்று புங்கமர நிழல் விழுகிற ஓரமாகப் பார்த்து நட்டாள். தாகம் எடுக்குமே என்று தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை இடுப்பளவு நிறைத்தாள். இத்தனையும் செய்துவிட்டு, வேர் பிடித்ததா இல்லையா என்று தினமும் காலையில் இரண்டு மூன்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பத்தாம் நாள் தண்ணீர் கறுத்தது. பதினைந்தாம் நாள் விருந்தினர் மாளிகையில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. நட்டது அத்தனையும் அழுகிப்போயிற்று.

வைத்திலிங்கம் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒழி ஒழி என்று ஆயுசு முழுக்க அடித்தபோதெல்லாம் ஒழியாத கோரை, வா வா என்று மடியேந்திக் கூப்பிடுகிறபோது செத்துத் தொலைக்கிறதே! கொளஞ்சிக்குக் கோரையின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதைவிடக் கோபம் தன் மேல். இந்தக் கை களையெடுக்கத்தான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே பின்பக்கம் கூச்சல் கேட்டது. கத்தினது கலியம்மாள். செல்லப்பனின் அண்ணன் பெண்டாட்டி, அடுத்த வீடு, கொல்லை இரண்டுக்கும் ஒரே வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கத்தரி போட்டிருந்தாள். கோரைக் கிழங்கை யாரும் வாசல் தாண்டி உள்ளே கொண்டுவரமாட்டார்கள், காலோடும் குப்பையோடும் கொல்லைக்குப் போய்விடும் என்று. அதுதான் ஊர் வழக்கம்.

"ஏண்டி கொளஞ்சி, நீயே இப்புடிப் பண்ணலாமா? கோரையைக் கொண்டாந்து வூட்டுக்குள்ள வெதச்சிருக்கியே! எங் கத்தரிக்கு வந்தா யாரு பொறுப்பு?"

கொளஞ்சி ஓடிப்போய்ப் பார்த்தாள். மறந்துபோன மூன்றாவது சாக்கு நைந்து வாய் பிளந்து கிடந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லாமல் அதன் அடியில் தேங்கியிருந்தது. மேலே சுள்ளென்று வெயில். சாக்கின் ஓட்டைகள் வழியாகப் பச்சைப் பசேலென்று முப்பது நாற்பது முளைகள் ஜாண் உயரத்துக்கு நின்றன. யாரும் கிள்ளவில்லை, யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அந்த முளைகளைத் தடவிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். கலியம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. கோரையைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிற பெண்பிள்ளையை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. சத்தம் போடாமல் வேலியைவிட்டுப் போய்விட்டாள்.

கொளஞ்சிக்குப் புத்தியில் பட்டது அப்போதுதான். கோரையை எப்படி வளர்ப்பது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எப்படிக் கொல்வது என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? நிழலில் கோரை நிற்காது, அதனால்தான் கொல்லையில் சணப்பையை அடர்த்தியாக விதைத்து அதை மூடுவார்கள். ஓயாமல் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் வேர் பிடிக்காது. வயல் கோரையைத் தாளோடு அறுத்துவிட்டு, அறுத்த வாய் மூழ்கும்படி தண்ணீர் கட்டினால் மூச்சு முட்டி அழுகிவிடும், பள்ளக்காட்டு வயல்களில் அவளே எத்தனை முறை கட்டியிருக்கிறாள்! கொல்கிற வழி ஏழு தெரியும் அவளுக்கு. அதில் மூன்றைப் பாசத்தோடு, ஒன்றுவிடாமல், தன் கையாலேயே அந்தக் குளத்துக்குச் செய்திருக்கிறாள். இந்த ஏழையும் செய்யாமல் இருந்தால் போதுமே, கோரை தானாக வளர்ந்துவிட்டுப் போகிறது.

மறுநாள் காலையில் அரவிந்தனிடம் போய், தண்ணீரை இறக்க முடியுமா சார் என்று மட்டும் கேட்டாள். வடிகுழாயின் முனையில் ஒரு வளைவு இருந்தது. அதைச் சாய்த்தால் நீர்மட்டம் இறங்கும் என்று அவர் சாய்த்துக் காட்டினார். கணுக்கால் அளவுக்கு இறக்கி, அழுகியதை அள்ளி எறிந்து, வெயில் அடிக்கிற பக்கமாக வீட்டு முளைகளை நட்டாள். நுனியைக் கிள்ளவில்லை. அடுத்த ஞாயிறு அய்யம்பெருமாளிடம் போய் இன்னும் இரண்டு சாக்கு கொண்டுவந்தாள். நட்டு முடித்ததும் அவள் செய்த மிகப் பெரிய வேலை, சும்மா இருந்தது. கை பரபரக்கும். குளத்தோரம் போய் நிற்பாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்துவிடுவாள். முளை உயர உயர, குழாயின் வளைவை ஒரு விரல் நிமிர்த்தித் தண்ணீரை ஏற்றுவாள்.

ஆடிக் கடைசியில் குளம் முழங்காலுக்கு மேல் பச்சையாக நின்றது. அதிகாரிகள் வந்தார்கள். அரவிந்தன் உள்ளே வருகிற தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலிலும், வெளியே போகிற தண்ணீரை இன்னொன்றிலும் பிடித்துக் காட்டினார். ஒன்று கஞ்சித் தண்ணீர், ஒன்று கிணற்றுத் தண்ணீர். வந்தவர்களில் மூத்தவர், இதை வளர்த்தது யார் என்று கேட்டார். பின்னால் குரோட்டன்ஸ் செடி மறைவில் நின்ற கொளஞ்சியை அரவிந்தன் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்க, அரவிந்தன் தமிழில் சொல்ல, கொளஞ்சி, "களை எடுத்த பழக்கமுங்க" என்றாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

இதற்குள் வீட்டிலும் ஒரு குழி வந்துவிட்டது. மிச்சமான கிழங்கை எறிய மனசு வராமல், கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் செல்லப்பன் ஒரு ஆள் நீளத்துக்குப் பள்ளம் தோண்டி, களிமண் பூசி, கலியம்மாள் பக்கம் மட்டும் கிழங்கு தாண்டாதபடி பலகைக்கல் பதித்துக் கொடுத்தான். அப்படியும் அவள் தினம் ஒரு முறை வேலியோரம் வந்து கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். ஆலைக் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்திலும் குளம் கட்டிக் கோரை கேட்டார்கள். வளர்ந்ததை அறுக்க வேண்டுமே, அறுத்ததை என்ன செய்வது? காய்ந்த சம்பிலையைக் கிழித்து ரோஜாவையும் மல்லிகையையும் கம்போடு கட்டினார்கள். கோரையைச் செல்லப்பன் தட்டியாக முடைந்து நாற்றுப் பந்தலுக்கு நிழலாகப் போட்டான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று தன்னையே மெச்சிக்கொள்வான். சாயங்காலமானால் பூவிழியும் அவனும் குழியோரம் குந்திக்கொண்டு, சம்பங்கதிரைப் பிய்த்துப் பஞ்சாகப் பறக்கவிட்டு விளையாடுவார்கள். பிள்ளைக்கு இப்போது அப்பா இல்லாமல் தூக்கம் வருவதில்லை. கொளஞ்சி அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள், அடுத்த நிமிடமே நாளை எண்ணிக் கவலைப்படுவாள்.

பட்டியல் வரவில்லை. புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. எழுதி அனுப்பியாயிற்று, மேலே கையெழுத்தாக வேண்டும் என்று அரவிந்தன் சொல்லிக்கொண்டே இருந்தார். கார்த்திகை பிறந்தது. கரும்புக் கூட்டத்து ஆள் வந்து, வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்கு லாரி என்று சொல்லிவிட்டுப் போனான். கூட்டத்தோடு ஒரு வருடம் போகாவிட்டால் அடுத்த வருடம் இடம் கிடைக்காது. பேர் வராமல் செல்லப்பனை நிறுத்தி வைத்தால் மூன்று பேரும் என்ன சாப்பிடுவது? கொளஞ்சி வியாழக்கிழமை அவனுடைய துணியைத் துவைத்துக் காயவைத்து மடித்தாள். அவன் அரிவாளைத் தீட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வைத்திலிங்கம் ஆபீசிலிருந்து ஒரு தாளோடு வந்தார். நான்கு பேரை வாசித்தார். மூன்றாவது பேர் கொளஞ்சி. அவர் நான்காவது பேரை வாசித்து முடிப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள். போகலாமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. சேற்றுக் காலோடு ஓடியவளைப் பார்த்து, பிழைத்துப் போ என்பது போல அவர் கையை வீசினார்.

பஸ் என்னமோ உடனே கிடைத்தது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. சிமெண்ட் ஏற்றின சரக்கு ரயில், ஐம்பது பெட்டிக்குக் குறையாது, ஆடி அசைந்து போயிற்று. கொளஞ்சி ஒவ்வொரு பெட்டியாக எண்ணினாள், திட்டினாள், அய்யனாரை வேண்டிக்கொண்டாள், மறுபடி திட்டினாள். அவள் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். ஆலமரத்தடியில் லாரி நின்ற இடத்தில் வைக்கோலும் சக்கரத் தடமும்தான் கிடந்தன. எதிரே வந்த கலியம்மாள், லாரி போய்க் கால் மணி நேரமாயிற்று என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷனும் அதில்தான் போனான்.

தாளில் பேர் வந்து என்ன, கால் மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? கொளஞ்சி வீட்டுக்குள் போனாள். கூரை எரவாணத்தில் செருகியிருந்த அரிவாள் இல்லை. பிள்ளைக்கு என்ன சொல்வது? முகத்தைக் கழுவலாம் என்று பின்பக்கம் போனாள்.

செல்லப்பன் குழிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று சம்பை அறுத்துக்கொண்டிருந்தான்.

அவள் குழியோரம் வந்து நின்றாள். "லாரி போயிருச்சேங்க" என்றாள்.

"போயிருச்சு."

"பேரு வந்தது ஒங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

அவன் நிமிர்ந்தான். "பேரு வந்துருச்சா?"

அவனுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாமல்தான் நின்றிருக்கிறான். அப்புறம் ஏன் ஏறவில்லை என்று கொளஞ்சி கேட்டாள். அவன் அரிவாளில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னான்.

"காலையில பள்ளிக்கூடம் போறப்ப புள்ள கேட்டுச்சு, சாயங்காலம் இருப்பியாப்பான்னு. இருப்பேன்னு சொல்லிட்டேன்."

கொளஞ்சியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் இறங்கி, அவன் அறுத்துப் போட்டதைக் கட்டத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் விட இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.